வானியல் கணக்கில் வரைபடத்தைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் அறிமுகப் பாடம் படிக்கும் மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. "எனக்குக் கணக்கு வராது" என்றுதான் பலர் ஆரம்பிப்பார்கள். அவர்களுடைய தாளை வாங்கிப் பார்த்தால் பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரியாகவே இருக்கும். சறுக்கியது அச்சில். எந்தப் பக்கம் கூடுகிறது, எந்த அலகு என்று பார்க்காமலே கோட்டுக்குள் குதித்திருப்பார்கள். வானியலில் இது மற்றப் பாடங்களைவிட ஆபத்து, ஏனென்றால் இங்கே பாதி அச்சுகள் தலைகீழாக ஓடும்.

வரைபடத்தோடு ஒரு கேள்வி வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கோட்டைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் இன்றும் செய்வது இதைத்தான். கோடு கண்ணில் பட்டால் மனம் அதன் பின்னாலேயே போய்விடும். மூடிக்கொண்டு இரண்டு அச்சுகளை மட்டும் படியுங்கள். எந்த அளவு, எந்த அலகு, எந்தத் திசையில் கூடுகிறது, சீரான அளவா லாக் அளவா (சம இடைவெளிக்குப் பத்துப் பத்து மடங்காகப் பெருகுவது), பூஜ்யத்தில் தொடங்குகிறதா? பிறகு வாய்விட்டு ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "வலப்பக்கம் போகப் போகக் குளிர்ச்சி, மேலே போகப் போகப் பிரகாசம்." இதைச் சொல்ல முடிந்த பிறகு கையை எடுங்கள்.

அச்சை அச்சடித்தவர்களும் தவறுவது உண்டு. விண்மீன் மண்டலங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, எவ்வளவு வேகமாக விலகுகின்றன என்று காட்ட வானியலாளர் எட்வின் ஹபிள் 1929இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடத்தில் செங்குத்து அச்சு வேகம். ஆனால் அதில் "கிலோமீட்டர்" என்று மட்டுமே இருக்கிறது; "நொடிக்கு" என்பது விடுபட்டுப் போயிற்று.

எச்-ஆர் வரைபடத்தில் வெப்பநிலை ஏன் இடப்பக்கம் கூடுகிறது?

எச்-ஆர் வரைபடம் என்பது விண்மீன்களின் வெப்பநிலையைக் கிடை அச்சிலும், ஒளிர்திறனை, அதாவது மொத்தமாகக் கொட்டும் ஒளியை, செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளியிடும் படம். அச்சு தலைகீழானதற்கு வரலாறுதான் காரணம், வேறு சூட்சுமம் எதுவும் இல்லை. டென்மார்க்கின் ஹெர்ட்ஸ்ப்ரங்கும் அமெரிக்காவின் ஹென்றி நாரிஸ் ரசலும் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியாக இந்த வரைபடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று அவர்கள் அச்சில் வைத்தது வெப்பநிலையை அல்ல. நிறத்தையும் நிறமாலை வகையையும் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் வரும் பட்டையை வைத்துத் தரும் வகை). ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற வகை வரிசை இடமிருந்து வலமாக எழுதப்பட்டது. அந்த வரிசை சூட்டிலிருந்து குளிர்ச்சிக்குப் போகிறது. பிறகு அதே அச்சில் கெல்வின் (வெப்பநிலையின் அலகு) எண்களை எழுதியபோது அவை தலைகீழாக விழுந்தன. யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

பொலிவெண் குறைந்தால் பிரகாசம் கூடுமா? குழப்பமாக இருக்கிறதே.

கூடும். பொலிவெண் என்பது ஒரு விண்மீன் எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்று சொல்லும் எண். பழைய கிரேக்க வானியலாளர்கள் விண்மீன்களை வகுப்புப் பிரித்ததில் வந்தது அது. பளிச்சென்று தெரிபவை முதல் வகுப்பு, கண்ணுக்குக் கஷ்டப்பட்டுத் தெரிபவை ஆறாம் வகுப்பு. பரீட்சையில் ரேங்க் வாங்குவது மாதிரி என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது: முதல் ரேங்க் என்றால் உசத்தி. மிகப் பிரகாசமானவை பூஜ்யத்தையும் தாண்டி எதிர்மறை எண்ணுக்குப் போகும். சிரியஸின் பொலிவெண் –1.46.

இந்த வகுப்புகளுக்குத் துல்லியமான கணக்கு கொடுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து பொலிவெண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு ஒளி என்று 1856இல் அவர் முன்வைத்தார். அப்படியானால் ஒரு பொலிவெண்ணுக்குச் சுமார் 2.512 மடங்கு. இந்தப் போக்சன் 1861இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். 1891இல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். உலகம் முழுக்க வானியல் மாணவர்கள் திட்டிக்கொண்டே போடும் அந்தக் கணக்கின் சொந்தக்காரர் நம்மூரில் முப்பது வருஷம் வாழ்ந்தவர்.

வரைபடத்தில் செங்குத்து அச்சு பொலிவெண்ணாக இருந்தால் எண்கள் மேலே போகப் போகக் குறையும்படிதான் பெரும்பாலும் வரைவார்கள். "மேலே என்றால் பிரகாசம்" என்பதைக் காப்பாற்றத்தான் அப்படி.

லாக் அளவுகோலில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரு புள்ளி விழுந்தால் எப்படிப் படிப்பது?

இங்கேதான் மதிப்பெண் அதிகமாகப் பறிபோகிறது. 1 என்ற கோட்டுக்கும் 10 என்ற கோட்டுக்கும் சரியாக நடுவில் புள்ளி இருந்தால் கை தானாக 5 அல்லது 5.5 என்று எழுதும். சரியான விடை 3.16. லாக் அளவில் சம தூரம் என்றால் சம மடங்கு. பாதி வழி என்பது பத்தின் வர்க்கமூலம்.

நான் ஸ்கேல் வைத்துப் படிப்பேன். 1 கோட்டிலிருந்து 10 கோட்டுக்கு 20 மில்லிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புள்ளி 6 மில்லிமீட்டரில் இருந்தால் பத்தில் மூன்று பங்கு வழி, அதாவது 2. 14 மில்லிமீட்டரில் இருந்தால் பத்தில் ஏழு பங்கு, அதாவது 5. "மூன்றுக்கு இரண்டு, பாதிக்கு மூன்று, ஏழுக்கு ஐந்து" என்று மனப்பாடம் செய்துகொண்டால் கால்குலேட்டரைத் தொட வேண்டியதே இல்லை. இன்னொன்று: லாக் அச்சில் பூஜ்யம் கிடையாது. எவ்வளவு கீழே போனாலும் 0.1, 0.01, 0.001 என்றுதான் போகும். "கோடு அச்சை எங்கே வெட்டுகிறது, அதுதான் பூஜ்யம்" என்று எழுதினால் தப்பு.

எச்-ஆர் வரைபடத்தை வைத்து ஒரு விண்மீனின் அளவைக் கண்டுபிடிக்க முடியுமா? அதில் ஆரம் என்று அச்சே இல்லையே.

அச்சில் இல்லை, படத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு விண்மீன் மொத்தமாகக் கொட்டும் ஒளி இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு சூடு, எவ்வளவு பரப்பு. சூட்டின் நான்காம் படி, ஆரத்தின் இரண்டாம் படி. ஆகவே ஒரே வெப்பநிலையில், அதாவது ஒரே செங்குத்துக் கோட்டில், மேலும் கீழுமாக இரண்டு விண்மீன் இருந்தால் மேலே இருப்பது பெரியது. ஒளிர்திறன் 10,000 மடங்கு என்றால் ஆரம் 100 மடங்கு. மேலே வலது மூலையில் இருப்பவை ஏன் பெருமீன்கள், கீழே இடது மூலையில் இருப்பவை ஏன் வெண்குறுமீன்கள் என்பது இதிலேயே வந்துவிடுகிறது. குளிர்ந்திருந்தும் அவ்வளவு ஒளி கொட்டுவது பிரம்மாண்டமாக இருந்தால்தான் முடியும்.

ஒன்றைச் செய்தே பார்ப்போம். ரோகிணியை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது ரிஷபத்தின் செந்நிறக் கண்ணாகத் தெரியும் ஆல்டெபரான். வரைபடத்தில் அதன் புள்ளி சுமார் 3,900 கெல்வினில் விழும். ஒளிர்திறன் அச்சில் 100 கோட்டைத் தாண்டி, 1,000ஐ நோக்கிய வழியில் பாதிக்குச் சற்று மேலே இருக்கும்; சூரியனைப்போல 400 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். சூரியன் சுமார் 5,800 கெல்வின். ரோகிணியின் வெப்பநிலை அதில் மூன்றில் இரண்டு பங்கு. மூன்றில் இரண்டின் நான்காம் படி 81இல் 16, கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. அப்படியானால் ரோகிணியின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியன் தருவதில் ஐந்தில் ஒரு பங்குதான் தருகிறது. இருந்தும் மொத்தம் 400 மடங்கு வருகிறது என்றால் பரப்பு 2,000 மடங்கு இருக்க வேண்டும். வர்க்கமூலம் எடுத்தால் ஆரம் சுமார் 45 மடங்கு. நேரடியாக அளந்தவர்களுக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட இதே எண்தான். ஒரு புள்ளி, ஒரு ஸ்கேல், கொஞ்சம் பின்னக் கணக்கு. என்னைக் கேட்டால் அறிமுகப் பாடத்தில் இதைவிட அழகான கணக்கு இல்லை.

விண்மீன் தன் வாழ்நாளில் முதன்மை வரிசையில் மேலிருந்து கீழே நகர்கிறதா?

இல்லை. முதன்மை வரிசை என்பது எச்-ஆர் வரைபடத்தில் பெரும்பாலான விண்மீன்கள் மேல் இடமிருந்து கீழ் வலமாக விழும் பட்டை. அது பாதை அல்ல, கூட்டம். கிராமத்தில் எல்லாருடைய உயரத்தையும் எடையையும் புள்ளி வைத்தால் ஒரு பட்டை கிடைக்கும். அதற்காக ஒரு ஆள் அந்தப் பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தான் என்று ஆகாது. விண்மீன் பிறக்கும்போது இருக்கும் நிறைதான் முதன்மை வரிசையில் அது எங்கே உட்காரும் என்பதைத் தீர்மானிக்கிறது. வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கழித்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் வலப்பக்கம் மேலே நகரும்.

நிறமாலை வளைகோட்டில் உச்சி இருக்கும் அலைநீளம்தானே விண்மீனின் நிறம்?

பாதி சரி. நிறமாலை வளைகோடு என்பது ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி வருகிறது என்ற படம். உச்சியின் அலைநீளத்திலிருந்து வெப்பநிலையைப் படிக்கலாம்: 29 லட்சத்தை நானோமீட்டரால் வகுத்தால் கெல்வின். சூரியனுக்கு உச்சி 500 நானோமீட்டர், ஆகவே 5,800. ஆனால் 500 நானோமீட்டர் என்பது பச்சை. சூரியன் பச்சையாகவா இருக்கிறது?

திருவாதிரையை, அதாவது பீட்டல்ஜூஸை, எடுங்கள். சுமார் 3,600 கெல்வின்; உச்சி 800 நானோமீட்டருக்கு அருகில், அகச்சிவப்பில். அதே ஓரியன் குழுவில் எதிர்மூலையில் இருக்கும் ரைஜெல் சுமார் 12,000 கெல்வின். உச்சி 240 நானோமீட்டருக்கு அருகில், புற ஊதாவில். இரண்டு உச்சியும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். ஆனாலும் ஒன்று செம்மஞ்சள், மற்றது நீலவெள்ளை என்று மொட்டைமாடியில் நின்றாலே தெரிகிறது. நம் கண் பார்ப்பது உச்சியை அல்ல. சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஜன்னலுக்குள் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை. நீலத்தின் பக்கம் ஏறினால் நீலவெள்ளை, சிவப்பின் பக்கம் ஏறினால் செம்மஞ்சள். உச்சி நடு ஜன்னலில் இருந்தால் எல்லா நிறமும் ஏறக்குறைய சமமாகக் கலந்து வெள்ளையாகிவிடும். பச்சை விண்மீன் கண்ணில் படாததற்கு இதுதான் காரணம்.

நிறமாலையில் கோடுகள் எல்லாம் ஒரே அளவு தள்ளிப் போயிருக்குமா?

ஒவ்வொரு தனிமமும் நிறமாலையில் தனக்கே உரிய இடங்களில் கோடுகளை விடும்; நம்மைவிட்டு விலகிப்போகும் பொருளில் அவை நீண்ட அலைநீளத்துக்குத் தள்ளிப் போகும். ஒரே மடங்கு தள்ளிப் போயிருக்கும், ஒரே நானோமீட்டர் அல்ல. 3சி 273 என்ற குவேசார் (வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையம்) இதற்கு நல்ல உதாரணம். 1963இல் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் பார்த்தபோது கோடுகள் எதுவும் தெரிந்த இடத்தில் இல்லை. ஆனால் அவற்றின் இடைவெளி ஹைட்ரஜன் கோடுகளின் இடைவெளியைப் போலக் குறுகிக்கொண்டே போனது. ஹைட்ரஜன்தான் அது, மொத்தமாக 15.8 சதவீதம் நீண்டிருந்தது. ஆய்வகத்தில் 486.1 நானோமீட்டரில் விழும் கோடு அங்கே சுமார் 563இல். 656.3இல் விழ வேண்டியது சுமார் 760இல். முதலாவது நகர்ந்தது 77 நானோமீட்டர், இரண்டாவது 104. கழித்துப் பார்த்தால் வேறு வேறு எண். வகுத்துப் பார்த்தால் இரண்டும் 1.158.

தேர்வில் இப்படி ஒரு படம் வந்தால் ஒற்றைக் கோட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். குறைந்தது இரண்டு கோட்டை வகுத்துப் பார்த்து, மடங்கு ஒத்துப்போனால்தான் அடையாளம் சரி.

ஒளி வளைகோட்டில் ஆழமான பள்ளம் வந்தால் பெரிய விண்மீன் மறைகிறது என்று அர்த்தமா?

ஒளி வளைகோடு என்பது நேரம் போகப் போகப் பிரகாசம் எப்படி மாறுகிறது என்ற படம். கேள்வி கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இல்லை. அல்கோலைப் பார்ப்போம். பெர்சியஸ் குழுவில் இருக்கும் இரட்டை விண்மீன். ஒன்றையொன்று மறைப்பதால் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும். அந்தக் காலமுறையை 1783இல் அறிவித்தவர் ஜான் குட்ரிக் என்ற காது கேளாத இளைஞர். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

வளைகோட்டில் ஒரு ஆழமான பள்ளம், ஒரு ஆழமற்ற பள்ளம், திரும்ப ஆழமான பள்ளம் என்று மாறி மாறி வரும். இரண்டு மறைப்பிலும் மறைபடும் பரப்பு ஒன்றுதான். உள்ளங்கையை இன்னொரு உள்ளங்கைக்கு முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதி மாறாது இல்லையா, அது போல. அப்படியானால் ஆழம் எதனால் வேறுபடுகிறது? மறைந்த பரப்பின் சூட்டால். சூடான விண்மீன் பின்னால் போகும்போது ஆழமான பள்ளம். அல்கோலில் சூடான விண்மீன்தான் சிறியது. குளிர்ந்த துணைதான் பெரியது. ஆழமான பள்ளத்தில் மறைவது சின்னது!

இதே படத்தில் காலமுறையைப் படிக்கச் சொல்வார்கள். ஆழமான பள்ளத்திலிருந்து அடுத்த ஆழமான பள்ளம் வரைதான் ஒரு சுற்று. பக்கத்துப் பள்ளம் வரை அளந்தால் விடை பாதியாகிவிடும்.

கோள் கடப்பு வரைபடத்தில் விண்மீன் முக்கால்வாசி மறைந்ததுபோல் தெரிகிறதே?

ஒரு கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது விண்மீனின் ஒளி குறைவதைக் காட்டும் படம் இது. செங்குத்து அச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 0.98இல் தொடங்கி 1.00இல் முடியும். பூஜ்யத்திலிருந்து வரைந்தால் பள்ளம் கண்ணுக்கே தெரியாது என்பதால் அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கோள் கடப்பது 1999இல் முதன்முதலாகப் பிடிபட்ட எச்டி 209458 என்ற விண்மீனில் ஒளி குறைவது சுமார் ஒன்றரை சதவீதம். குறையும் பங்கு என்பது கோளின் வட்டப் பரப்பை விண்மீனின் வட்டப் பரப்பால் வகுத்தது. 0.015இன் வர்க்கமூலம் 0.12. அப்படியென்றால் கோளின் ஆரம் விண்மீனின் ஆரத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த விண்மீன் சூரியனைவிடச் சற்றுப் பெரியது. கோள் வியாழனைவிடப் பெரியதாக வருகிறது. வர்க்கமூலம் எடுக்க மறந்துவிட்டு "ஒன்றரை சதவீத ஆரம்" என்று எழுதுபவர்கள் வருஷத்துக்கு வருஷம் இருக்கிறார்கள்.

செபீட் விண்மீனின் வரைபடத்திலிருந்து தூரம் எப்படி வருகிறது?

செபீட் என்பது சீரான கால இடைவெளியில் பிரகாசம் ஏறி இறங்கும் ஒரு வகை விண்மீன். இரண்டு வரைபடம் தேவை. ஒன்று அந்த விண்மீனின் ஒளி வளைகோடு. மற்றது ஹென்ரியட்டா லெவிட் 1912இல் தந்த காலமுறை–ஒளிர்திறன் கோடு. சிறிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலத்தில் 25 செபீட்களைப் புள்ளி வைத்து, கிடை அச்சைக் காலமுறையின் லாக் ஆக்கியவுடன் வளைகோடு நேர்கோடாக நிமிர்ந்ததைக் காட்டினார்.

டெல்டா செஃபீ என்ற விண்மீன் 3.5க்கும் 4.4க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. வேகமாக ஏறி மெதுவாக இறங்கும் ரம்பப் பல் வடிவம். உச்சியிலிருந்து உச்சிக்கு 5.4 நாள். சராசரிப் பொலிவெண் சுமார் 3.95. இப்போது இரண்டாவது வரைபடத்தில் 5.4 நாளைத் தேடி மேலே போனால் தனிப் பொலிவெண் சுமார் –3.3. அதாவது 10 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தூரத்தில் வைத்தால் அவ்வளவு பிரகாசமாகத் தெரியும். வித்தியாசம் 7.25. ஐந்து பொலிவெண்ணுக்குத் தூரம் 10 மடங்கு. மிச்சம் 2.25க்குச் சுமார் 2.8 மடங்கு. ஆக 10 × 10 × 2.8 = 280 பார்செக், ஏறக்குறைய 900 ஒளியாண்டு. கழிக்கும்போது எதிர்மறைக் குறியில் தடுக்கி 0.65 என்று எழுதினால், நம் பக்கத்து வீட்டில் ஒரு செபீட் முளைத்துவிடும்.

ஹபிள் வரைபடத்தின் சாய்வை எந்தப் புள்ளியிலிருந்து எடுக்க வேண்டும்?

புள்ளியிலிருந்து எடுக்கவே கூடாது. கோட்டிலிருந்து எடுங்கள், அதுவும் நன்றாகத் தள்ளியிருக்கும் இரண்டு இடத்திலிருந்து. ஒவ்வொரு விண்மீன் மண்டலத்துக்கும் சொந்தமாக ஒரு அலைச்சல் உண்டு. பக்கத்தில் இருப்பவற்றில் அதுவே பெரிதாகத் தெரியும். பக்கத்து விண்மீன் மண்டலமான ஆந்திரமேடா நம்மை நோக்கியே வருகிறது. அதன் புள்ளியை வைத்துச் சாய்வு எடுத்தால் அண்டம் சுருங்குகிறது என்று விடை வரும்.

இன்றைய கோடு 100 மெகாபார்செக்கில் (ஒரு மெகாபார்செக் 10 லட்சம் பார்செக்) நொடிக்குச் சுமார் 7,000 கிலோமீட்டர் காட்டும், சாய்வு 70. ஹபிளின் 1929 கோட்டில் சாய்வு சுமார் 500. கோடு போட்டதில் தப்பு இல்லை, கிடை அச்சில் வைத்த தூரங்கள்தான் மிகக் குறைவு. சாய்வைத் தலைகீழாக்கினால் அண்டத்தின் வயது தோராயமாகக் கிடைக்கும். 70க்கு 1,400 கோடி ஆண்டு. 500க்கு வெறும் 200 கோடி, பூமியின் வயதில் பாதிகூட இல்லை. செபீட்களில் இரண்டு வகை உண்டு என்று வால்டர் பாடே 1952இல் அறிவித்தபோதுதான் அந்தத் தூரங்கள் நிமிர ஆரம்பித்தன.

நிலவின் பிறைகளைக் காட்டும் படத்தில் எல்லா நிலவும் பாதி வெளிச்சமாகவே இருக்கிறதே, பிறை எங்கே?

அந்தப் படம் பூமியின் வட துருவத்துக்கு மேலே, விண்வெளியில் நின்று பார்ப்பது. அங்கிருந்து பார்த்தால் சூரியனை நோக்கிய பாதி எப்போதும் வெளிச்சமாகத்தான் இருக்கும். நாம் பார்ப்பது பூமியை நோக்கிய பாதியை. ஒவ்வொரு நிலவின் மேலும் பூமிப்பக்கப் பாதியைப் பிரிக்க ஒரு கோடு போடுங்கள். அந்தப் பாதிக்குள் வெளிச்சம் எவ்வளவு விழுகிறதோ அதுதான் அன்றைய பிறை.

"அரை நிலவு எப்போது உதிக்கும்?" என்பது இந்தப் படத்தை வைத்துக் கேட்கும் வழக்கமான கேள்வி. சூரியன் வலப்பக்கம் என்று வையுங்கள். பூமியின் வலது விளிம்பில் ஒரு குச்சி மனிதனை நிறுத்துங்கள். அவன் தலைக்கு மேல் சூரியன், நண்பகல். பூமி கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. ஆகவே அவன் மேல் விளிம்புக்கு வரும்போது மாலை 6, இடது விளிம்பில் நள்ளிரவு, கீழ் விளிம்பில் காலை 6. நிலவும் அதே திசையில்தான் சுற்றுகிறது. அமாவாசை வலப்பக்கம், கால் சுற்று போனால் வளர்பிறை அரை நிலவு, படத்தின் மேல்பக்கம். அது உச்சியில் நிற்பது மாலை 6 மணிக்காரனுக்கு. உச்சிக்கு ஆறு மணி நேரம் முன்னால் உதயம், பின்னால் அஸ்தமனம். ஆக நண்பகலில் உதித்து நள்ளிரவில் மறைகிறது. தேய்பிறை அரை நிலவுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். நள்ளிரவில் உதிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பாடப் படங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும், வெளிச்சம் வலப்பக்கம். மூன்றாம் பிறை பார்க்க நம் ஊரில் மேற்கே திரும்பினால் அது தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியனும் நிலவும் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகின்றன. வெளிச்சமான பக்கம் கீழே, மறைந்த சூரியனை நோக்கி இருக்கிறது. படமும் தப்பில்லை, வானமும் தப்பில்லை.

அந்தப் படத்தில் மாதாமாதம் கிரகணம் வர வேண்டும்போல் இருக்கிறதே?

படம் அளவுக்கு ஏற்ப வரையப்படவில்லை. பூமியை ஒரு சென்டிமீட்டர் வட்டமாக வரைந்தால் நிலவு கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதுவும் 30 சென்டிமீட்டர் தள்ளி. ஒரு முழு ஸ்கேல் நீளம். அவ்வளவு தூரத்தில் நிலவின் பாதை 5 பாகை சாய்ந்தாலே, அது தாளுக்கு மேலோ கீழோ இரண்டரை சென்டிமீட்டர் வரை விலகிப் போய்விடும்.

பூமியின் சுற்றுப்பாதையை முட்டை மாதிரி வரைவதும் இதே வம்புதான். உண்மையான வடிவத்தில், 10 சென்டிமீட்டர் நீளமாக வரைந்தால் அகலம் 0.014 மில்லிமீட்டர்தான் குறையும். பென்சில் கோட்டின் தடிமனைவிடக் குறைவு. முட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு "சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோடை" என்று எழுதுகிறார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், நாம் மார்கழிக் குளிரில் இருக்கும்போது.

விண்மீன் வரைபடத்தில் கிழக்கு ஏன் இடப்பக்கம்?

தலைக்கு மேல் பிடித்துப் பார்க்க வேண்டிய படம் அது. மேசையில் வைத்துப் படித்தால் ஊர் வரைபடத்தோடு முரண்படும். தூக்கிப் பிடித்து வடக்கை வடக்கோடு பொருத்துங்கள், சரியாகிவிடும்.

வரைபடத்திலிருந்து படித்த விடையை எத்தனை தசம இடம் வரை எழுதலாம்?

கண்ணால் படித்தது கண் அளவுக்குத்தான் துல்லியம். ரோகிணிக்கு 45 என்று எழுதுங்கள். கால்குலேட்டர் காட்டும் 44.721359 வேண்டாம்.

படத்தில் படித்ததை நானே வானத்தில் பார்த்துச் சோதிக்க வழி உண்டா?

உண்டு, அல்கோலைவிட நல்லது கிடையாது. தொலைநோக்கி வேண்டாம். டிசம்பர், ஜனவரி மாலைகளில் தமிழ்நாட்டிலிருந்து வடக்கே பார்த்தால் பெர்சியஸ் நல்ல உயரத்தில் இருக்கும். வழக்கமாக அல்கோல் 2.1; அதே குழுவின் மிர்ஃபக் (1.8) என்ற விண்மீனைவிடச் சற்று மங்கலாகத் தெரியும். எப்சிலான் பெர்சி என்ற விண்மீன் 2.9. அல்கோல் என்றைக்கு அதைவிட மங்கலாகத் தெரிகிறதோ அன்று நீங்கள் ஆழமான பள்ளத்துக்குள் இருக்கிறீர்கள், அடியில் 3.4 வரை போகும். மங்கித் தெளிய மொத்தம் சுமார் 10 மணி நேரம், ஆகவே அரைமணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு நாள் இரவு 10 மணிக்கு அடியைத் தொட்டால், மூன்று நாள் கழித்து மாலை 6.49க்கு மறுபடி தொடும். ஒரு வரைபடத்தாளை எடுங்கள். கிடை அச்சில் மணி, செங்குத்து அச்சில் பொலிவெண். முதல் புள்ளியை வைப்பதற்கு முன் 2.0ஐ மேலேயும் 3.5ஐக் கீழேயும் எழுதிக்கொள்ளுங்கள்.